பட்டணத்தின் நடுவே ஒரு காட்டுப் பாதை



கடந்த சில மாதங்களாக இப்பக்கத்தில் கடன், வாடகை வீடு, பிள்ளைகளின் படிப்பு என்று பாரமான காரியங்களையே எழுதி வந்தேன். இம்மாதம் நடப்பதைப் பற்றி எழுதுகிறேன். ஆவிக்குரிய நடையைப் பற்றி அன்று. இரண்டு கால்களால் மண்மேல் நடக்கும் நடையைப் பற்றி. போதகர் எழுதும் பக்கத்தில் இதற்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நானும் அப்படித்தான் கேட்டேன்.

எங்கள் சபையில் ஒரு மூத்த சகோதரர் இருக்கிறார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வாலிப வயதில் மும்பைக்கு வந்தவர். தாராவியில் முதலில் தோல் பதனிடும் இடத்திலும், பின்பு பை தைக்கும் பட்டறையிலும் 35 ஆண்டுகள் உழைத்துவிட்டார். இப்போது சர்க்கரை நோய். தினமும் 40 நிமிடம் நடக்க வேண்டும் என்று வைத்தியர் கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டார். அவர் எங்கே நடப்பார்? வீட்டு வாசலில் இறங்கினால் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்து. காலை 5 மணிக்கு 90 அடிச் சாலையில் நடந்து பார்த்தார். ஒரு பக்கம் நாய்கள், மறுபக்கம் சரக்கு இறக்கும் வண்டிகள். ஒரு வாரத்தில் விட்டுவிட்டார்.

அவருக்கு 19 வயதில் ஒரு மகன், கல்லூரியில் படிக்கிறான். ஒரே அறை கொண்ட வீட்டில் இருவரும் வாழ்ந்தும் பேச்சு மிகக் குறைவு. தகப்பன் பட்டறையிலிருந்து வரும்போது மகன் செல்பேசியோடு மாடிப்படியில் உட்கார்ந்திருப்பான். சண்டை என்று ஒன்றும் இல்லை. பேசுவதற்கும் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். இந்த நிலைமை நம் வீடுகளில் எத்தனையோ இடங்களில் உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள்.

அந்த மகன்தான் ஒரு வாலிபர் கூட்டத்தில் எழுந்து, “போரிவிலி நேஷனல் பார்க்குக்கு எல்லாரும் போகலாமா ஐயா? அங்கே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், நடக்கவும் வழி இருக்கிறது” என்று கேட்டான். பெரியவர்களிடமிருந்து மூன்று தடைகள் வந்தன. அங்கே சிறுத்தை இருக்கிறது என்பது ஒன்று. அங்கே புத்தர் சிலைகள் உள்ள குகைகள் இருக்கின்றன, நம் பிள்ளைகளை அங்கே ஏன் அனுப்ப வேண்டும் என்பது இரண்டாவது. அது வேலையில்லாதவர்களும் பணக்காரர்களும் போகிற இடம் என்பது மூன்றாவது. மூன்றாவது தடையைச் சொன்னவர்களில் நானும் ஒருவன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. வேதாகமக் கல்லூரியில் படித்த நாட்களில் விடியுமுன் எழுந்து வயல்வரப்பில் நடந்துகொண்டே பாடங்களை மனப்பாடம் செய்தவன் நான். மும்பைக்கு வந்து 22 ஆண்டுகளில், போரிவிலி ரயில் நிலையத்தில் எத்தனையோ முறை ஜெபக்கூட்டங்களுக்காக இறங்கியிருந்தும், அந்தக் காட்டு வாசலுக்குள் ஒருமுறையும் கால் வைத்ததில்லை.

சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா என்பது அதன் பெயர். பழைய வழக்கத்தின்படி இன்றும் போரிவிலி பூங்கா என்றே சொல்லுகிறார்கள். பூங்கா என்றவுடன் பூச்செடியும் ஊஞ்சலும் நினைவுக்கு வரக்கூடாது. சுமார் 103 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காடு அது. மேற்கே போரிவிலி, வடகிழக்கே தாணே, தெற்கே பவாய் என்று மூன்று பக்கமும் பட்டணம் நெருங்கி நிற்க, நடுவில் மலையும் மரமும் ஏரியுமாய்க் கிடக்கிறது. விஹார், துளசி என்னும் இரண்டு ஏரிகள் அதற்குள் உண்டு. விஹார் ஏரி 1860-இலும், துளசி ஏரி 1879-இலும் கட்டி முடிக்கப்பட்டன. மும்பைக்குக் குழாய் மூலம் முதன்முதல் குடிநீர் வந்தது விஹாரிலிருந்துதான். பட்டணம் பெருகியபின் தூரத்து அணைகளே பெரும்பங்கு நீரைத் தருகின்றன என்றாலும், இவ்விரண்டு ஏரிகளும் இன்றும் குடிநீர் தரும் ஏழு ஏரிகளின் கணக்கில் நிற்கின்றன. காட்டை வெட்டாமல் இந்நாள்வரை வைத்திருப்பதற்கு இந்தத் தண்ணீர் ஒரு பெரிய காரணம்.

2024-ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு சனிக்கிழமை அதிகாலை மாஹிம் நிலையத்தில் ரயில் ஏறினோம். வாலிபர்கள் 14 பேர், பெற்றோர் சிலர், நான். ஞாயிறு நமக்கு ஆராதனை நாள், திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை, ஆகையால் சனிக்கிழமை. அந்த மூத்த சகோதரர் வரமாட்டார் என்றே நினைத்திருந்தேன். ஆனால் வெள்ளை வேட்டியைத் தவிர்த்து, மகனுடைய பழைய கேன்வாஸ் காலணியை அணிந்துகொண்டு நிலையத்தில் முதல் ஆளாய் நின்றார். சகோதரி வற்புறுத்தி அனுப்பியிருந்தார்.

போரிவிலி நிலையத்தின் கிழக்குப் பக்கம் இறங்கினால் வாசலுக்கு நடந்தே போகலாம். உள்ளே நுழைந்ததும் குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது. வாலிபர்கள் சைக்கிள் எடுத்துக்கொண்டார்கள். பெரியவர்கள் நடந்தோம். வாசலிலிருந்து கான்ஹேரி குகைகள் வரை சுமார் 6 கிலோமீட்டர். தார்ச்சாலைதான், முதற்பகுதி ஏறக்குறைய சமதளம், கடைசிப் பகுதி செங்குத்தான ஏற்றம். வழியெங்கும் தேக்கும் மூங்கிலும். சாலையோரம் புள்ளிமான்கள் எங்களைப் பார்த்தும் ஓடாமல் மேய்ந்துகொண்டிருந்தன. எங்களோடு வந்த ஒரு சகோதரி, “நம்ம ஊர் ஆடு மாதிரி நிக்குதே” என்றார்.

நடுவழியில் தஹிசர் ஆற்றின்மேல் ஒரு பாலம் வரும். அங்கே இளைப்பாற உட்கார்ந்தோம். தண்ணீர் குறைவுதான், ஆனால் அடியில் கிடக்கும் கல் தெரியும் அளவுக்குத் தெளிவு. இந்த ஆறு காட்டுக்குள்ளே துளசி ஏரியின் பக்கம் பிறந்து, பூங்காவைத் தாண்டியவுடன் தொழுவக் கழிவும் சாக்கடையும் சேர்ந்து கறுத்துக் கடலில் போய் விழுகிறது. நம் தாராவியின் ஓரம் ஓடும் மித்தி ஆறும் இப்படித்தான்; விஹார், பவாய் ஏரிகளின் உபரிநீரிலிருந்து பிறந்து, குர்லாவைக் கடந்து மாஹிம் விரிகுடாவில் கலக்கிறது. இதை நான் சொன்னபோது சகோதரர் என்னை நம்பாமல் பார்த்தார். மித்தி என்றால் சாக்கடை என்றே அவர் 35 ஆண்டுகள் எண்ணியிருந்தார். “அதுக்கும் இப்படி ஒரு ஊத்து இருக்கா ஐயா?” என்றார்.

பிறகு தானாகவே பேசத் தொடங்கினார். 2005-ஆம் ஆண்டு ஜூலை 26. சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவான நாள். மித்தி கரை புரண்டது. தாராவியில் அவர் குடியிருந்த தாழ்வான வீட்டில் மார்பளவு தண்ணீர். மகன் அப்போது ஐந்து மாதக் குழந்தை. துணி துவைக்கிற பிளாஸ்டிக் கூடையில் பழந்துணி விரித்து, குழந்தையைக் கிடத்தி, கூடையைத் தலைமேல் பிடித்துக்கொண்டு, காலால் துழாவித் துழாவி இருட்டில் ஒரு மாடிக் கட்டடம் போய்ச் சேர்ந்தாராம். இதை அவர் யாரிடமும் பெரிதாய்ச் சொன்னதில்லை. சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தண்ணீரில் கால் நனைத்து நின்ற மகன் திரும்பிப் பார்த்து, “என்னையாப்பா?” என்று கேட்டான். “பின்ன, பக்கத்து வீட்டுப் பிள்ளையவா?” என்றார் தகப்பன். எனக்கு மோசேயின் நாணற்பெட்டி நினைவுக்கு வந்தது. பிரசங்கத்துக்கு அது வேளையல்ல என்று வாயை மூடிக்கொண்டேன். அதன்பின் ஏற்றம் வரை மகன் சைக்கிளில் ஏறவில்லை. தள்ளிக்கொண்டே தகப்பனோடு நடந்தான்.

ஏற்றத்தில் இருபுறமும் காய்ந்த குச்சிகளாய் ஒரு புதர் நின்றது. அதுதான் கார்வி. எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாய்ப் பூத்து, விதை முற்றியபின் பட்டுப்போகும் செடி. 2016-இல் பூத்தது, 2024 மழைக்காலத்தின் முடிவில் மறுபடியும் பூத்தது; நாங்கள் மூன்று மாதம் பிந்திவிட்டோம். நம் கொடைக்கானலிலும் நீலகிரியிலும் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியும் இதுவும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்றதும் பெரியவர்கள் புதரை அருகில் சென்று தொட்டுப் பார்த்தார்கள். ஊர்க்காரனைக் கண்ட மகிழ்ச்சி அது. இக்காட்டில் தொன்றுதொட்டு வாழும் வார்லி ஜனங்கள் இந்தக் குச்சிகளை வரிசையாய்க் கட்டி, மண்ணும் சாணமும் பூசி வீட்டுச் சுவர் எழுப்புவது வழக்கம்.

குகைகளைப் பற்றிப் பெற்றோர் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லுகிறேன். நாம் அங்கே தொழப் போகவில்லை. கருங்கல் மலையைக் குடைந்து நூற்றுக்கு மேற்பட்ட அறைகளைப் பௌத்தத் துறவிகள் உண்டாக்கியிருக்கிறார்கள். அந்த வேலை கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டு தொடங்கி ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் நடந்திருக்கிறது. என்னைக் கவர்ந்தது சிலைகள் அல்ல, தண்ணீர்த் தொட்டிகள். அறைகளின் வாசலருகே பாறையில் வெட்டிய தொட்டி, மலைமேல் விழும் மழையை அதற்குக் கொண்டுவரப் பாறையிலேயே கீறிய வாய்க்கால். டிசம்பரிலும் சிலவற்றில் தண்ணீர் நின்றது. நகராட்சிக் குழாயில் குடம் வைத்து வரிசையில் நின்று பழகிய நம் சகோதரிகள் அந்தத் தொட்டிகளைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். 90-ஆம் எண்ணுள்ள குகையில் பாரசீகத்திலிருந்து வந்த பார்சிகள் 1009-இலும் 1021-இலும் பஹ்லவி மொழியில் எழுத்துகளைப் பொறித்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்னும் அயலூரார் இங்கே வந்து சுற்றிப் பார்த்திருக்கிறார்கள். பிள்ளைகள் உடனே சாக்கட்டியைத் தேடவே, அது தண்டனைக்குரிய குற்றம் என்று தடுத்தேன். அங்கே குரங்குகளும் உண்டு. தின்பண்டப் பையைக் கையில் தொங்கவிட்டவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

சிறுத்தையைப் பற்றியும் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். பயம் பொய்யல்ல. 2004-ஆம் ஆண்டில் இக்காட்டின் ஓரங்களில் பலர் சிறுத்தையால் உயிரிழந்தார்கள். 2022 அக்டோபரில் பக்கத்திலுள்ள ஆரே பகுதியில் ஒரு சிறு குழந்தை இறந்தது. 2015-இல் தானியங்கிக் கேமராக்களை வைத்து எண்ணியபோது இக்காட்டிலும் சுற்றுப்புறத்திலும் 35 சிறுத்தைகள் இருப்பது தெரிந்தது. இவ்வளவு ஜனத்திரளின் நடுவே அவை மனிதர் கண்ணில் படாமல் இரவில் உலாவி, பெரும்பாலும் மானையும் நாயையும் பிடித்துப் பிழைக்கின்றன. ஓரிடத்தில் பிடித்த சிறுத்தையை வேறிடத்தில் கொண்டுபோய் விட்டால் தாக்குதல் குறையாது, கூடும் என்பதை வித்யா ஆத்ரேயா என்னும் ஆராய்ச்சியாளர் புனே மாவட்டத்து ஜுன்னர்ப் பகுதியில் கண்டறிந்து சொன்னார். ஆபத்து நேர்ந்ததில் பெரும்பகுதி காட்டோரக் குடியிருப்புகளில், இருட்டு வேளையில், தனியாய் இருந்த பிள்ளைகளுக்கு. ஆகவே காட்டோரத்தில் குடியிருக்கும் நம் குடும்பங்கள் குப்பையை வீட்டருகே குவியவிடக்கூடாது. குப்பைக்கு நாய் வரும், நாய்க்குச் சிறுத்தை வரும். பாதையில் நடப்பவர்கள் கூட்டமாய் நடக்க வேண்டும், சிறுபிள்ளைகளின் கையை விடக்கூடாது, பொழுது சாயுமுன் வெளியே வந்துவிட வேண்டும், பாதையை விட்டு உள்ளே போகக்கூடாது. இவற்றைக் கைக்கொண்டு பகலில் நடக்கிறவனுக்கு நம் சாலைகளைக் கடப்பதே அதிக ஆபத்து என்பது என் எண்ணம்.

சைக்கிளில்தான் எங்களுக்கு ஒரு சேதம் நேர்ந்தது. கான்ஹேரியிலிருந்து இறங்கும்போது ஒரு தம்பி கைகளை விட்டுவிட்டு வேகமாய் வந்தான். வளைவில் சருகின்மேல் சக்கரம் வழுக்கி விழுந்து முழங்கை தோலுரிந்தது. இறக்கத்தில் முன்னும் பின்னும் இருவர் பெரியவர்களாய் வர வேண்டும் என்று ஏற்பாடு செய்யாதது என் குற்றம். அவன் தாயாரிடம் அன்றே ஒப்புக்கொண்டேன். வாடகைச் சைக்கிளை எடுக்குமுன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள். இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் சட்டென்று பிடிக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் வெறும் வயிற்றில் ஏற்றம் ஏறக்கூடாது. சட்டைப்பையில் ஒரு இனிப்பும், காலுக்கு மூடிய காலணியும் வேண்டும். வீடு திரும்பியதும் பாதத்தில் கொப்புளம் உண்டா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

மகிழ்ச்சியை மட்டும் எழுதினால் நான் நேர்மையாய் எழுதியதாகாது. இக்காட்டின் ஓரத்தில் ஒரு காலத்தில் ஏழைகள் ஏராளமாய்க் குடிசை போட்டிருந்தார்கள். 1995-இல் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று வழக்குத் தொடுக்க, 1997-இல் மும்பை உயர் நீதிமன்றம் அவற்றை அகற்ற உத்தரவிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் பல்லாயிரம் குடிசைகள் இடிக்கப்பட்டன. பழைய ஆதாரச் சீட்டு காட்ட முடிந்தவர்களுக்கு மாற்று வீடு என்றார்கள்; சீட்டு இல்லாதவர்கள் பட்டணத்தில் சிதறிப்போனார்கள். காடு பிழைத்தது நல்லது. அந்தக் காடு இல்லாதிருந்தால் வெள்ளம் இன்னும் கொடியதாய் இருந்திருக்கும் என்று நம்புகிறேன். ஆனால் அதைக் காப்பதற்கான விலையை உயர்ந்த மாடிகளில் குடியிருப்போர் கொடுக்கவில்லை, கூலிக்காரர் கொடுத்தார்கள். ஆகையால் அந்தப் பாதையில் விலையுயர்ந்த சைக்கிளில் பறப்பவருக்கு எவ்வளவு உரிமை உண்டோ அவ்வளவு உரிமை மகனுடைய காலணியை அணிந்து நடக்கிற நம் சகோதரருக்கும் உண்டு. நுழைவுச்சீட்டு வாங்கினால் வாசலில் யாரும் சாதியோ பேட்டையோ கேட்பதில்லை.

மற்றப் பட்டணங்களில் வாழும் வாசகர்கள் தங்களுக்கு அருகில் இருப்பதைத் தேடிப் பாருங்கள். டில்லியில் ரிட்ஜ் என்னும் அரவல்லிக் காடும், ஐதராபாத்தில் கே.பி.ஆர். பூங்காவின் நடைபாதையும், பெங்களூரின் தெற்கே துரஹள்ளிக் காடும் உண்டு. எங்கே சைக்கிள் ஓட்டலாம், எங்கே கூடாது என்பது இடத்துக்கு இடம் மாறும். வனத்துறையாரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். போரிவிலியிலும் கான்ஹேரி சாலைக்குத் தடையில்லை. ஆனால் சிலோண்டா போன்ற உட்பாதைகளுக்கு முன்கூட்டியே அனுமதி பெற்று வழிகாட்டியோடுதான் போக வேண்டும்.

அந்தச் சகோதரர் இப்போது மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளாவது போய்விடுகிறார். மற்ற நாட்களில் மாஹிம் கடற்கரைப் பக்கம் நடக்கிறார். சர்க்கரை அளவு குறைந்திருக்கிறது; மருந்து நிற்கவில்லை, நிறுத்தவும் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். சென்ற முறை அவர்களோடு நானும் போனேன். முதல் மழைக்குப்பின் பட்ட கார்விக் குச்சிகளின் அடியில் விரல் நீளத்துக்குப் புதுக் கன்றுகள் முளைத்திருந்தன. அடுத்துப் பூப்பது 2032-இல் என்று நான் சொன்னேன். சகோதரர் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, “அப்ப நான் இருந்தா, நீ என்னை சைக்கிள்ல பின்னால வச்சுக் கூட்டிட்டு வரணும்லே” என்றார்.

“அதுக்கு முன்னாடி 2030-ல ஊர்ப்பக்கம் குறிஞ்சி பூக்குமாம்பா, கொடைக்கானல்ல. முதல்ல அங்கே போவோம்” என்றான் மகன்.